யார் வரைந்தது?

சென்ற பொங்கலுக்கு நம் சங்க மலர் வெளிவந்ததல்லவா? அன்றிரவு விடுதி உணவுக்கூடத்தில் நண்பர் ஒருவர் என் எதிரே வந்து அமர்ந்தார். மலரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அட்டையை நெடுநேரம் பார்த்தார். "படம் வெகு அழகு! எந்தப் பொறி வரைந்தது?" என்றார்.

"நான்தான் வரைந்தேன்" என்றேன்.

"அது தெரியும். கணிப்பொறியில்தானே? எந்தப் பொறியிடம் சொல்லி வாங்கினீர்கள் என்று கேட்கிறேன்."

அவர் கேலி செய்திருந்தால் நானும் சிரித்துவிட்டுச் சப்பாத்தியைப் பிய்த்திருப்பேன். அவரோ உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நாலு சொல் தட்டினால் நாற்பது படம் தரும் பொறிகள் இந்நாளில் இருக்கின்றன. ஆகவே அவர் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் அந்த அட்டையில் உள்ள கரும்பின் ஒரே ஒரு தோகையை வளைக்க நான் மூன்று இரவுகள் கண் விழித்திருக்கிறேன். தில்லியின் மார்கழிக் குளிரில், போர்வைக்குள் குந்தியிருந்து, விரல் விறைக்க விறைக்க வரைந்த தோகை அது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கருவி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை அடுத்த மலரில் எழுதிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். அந்த நண்பருக்கு முன்பே இதே கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முதலில் கருவி. கடைக்காரர்கள் இதைப் 'பென் டேப்லெட்' என்பார்கள். நான் வரைபலகை என்கிறேன். விரலால் தொட்டு இயக்கும் கைக்கணினி வேறு, இது வேறு. நான் முதலில் வாங்கியது பள்ளிச் சிறுவனின் சிலேட்டைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புத் தகடு. அதில் திரை கிடையாது. ஒரு வடம் கணிப்பொறிக்குப் போகிறது. கூடவே ஒரு பேனா. பேனாவில் மையில்லை, மின்கலம் இல்லை, கம்பியும் இல்லை. பலகையின் மேல் பேனாவை ஓட்டினால் பலகையில் ஒன்றும் விழாது; எதிரே உள்ள கணிப்பொறித் திரையில் கோடு விழும். திரையின் மேலேயே வரையும் பலகைகளும் இருக்கின்றன. அவற்றின் விலை பல மடங்கு. மாணவன் பைக்கு ஏற்றது திரையில்லாப் பலகையே. உதவித்தொகை வந்த வாரத்தில் நேரு பிளேஸ் சந்தைக்குப் போய், மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கி வந்தேன். அந்த மாதம் முழுதும் தேநீர்க்கடைக்காரருக்கு நான் கடன்காரன்.

வாங்கி வந்த அன்று ஒரு வட்டம் போட்டேன். முட்டை வந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் முட்டை. தேர்வில் முட்டை வாங்கிப் பழகியவன்தான் என்றாலும், தானாக விரும்பிப் போட்ட வட்டம் முட்டையாவது யாருக்குப் பொறுக்கும்? என் கை கெட்டுவிட்டதோ என்று கலங்கினேன். காரணம் கையில் இல்லை. பலகையின் நீள அகலம் ஒரு விகிதம், திரையின் நீள அகலம் வேறு விகிதம். பலகையின் நான்கு மூலைகளும் திரையின் நான்கு மூலைகளுக்குப் பொருத்தப்படும்போது, வட்டம் ஒரு பக்கமாக இழுபடுகிறது. பலகையின் அமைப்புப் பக்கத்தில் போய் விகிதத்தைத் திரைக்கு ஒத்ததாக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் பலகையின் ஓரத்தில் ஒரு கீற்று வீணாகும், வட்டம் வட்டமாகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் முட்டையிட்டுக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய தொல்லை, கையை ஓரிடத்திலும் கண்ணை வேறிடத்திலும் வைத்துக்கொண்டு வரைவது. குழந்தைப் பருவம் முதல் நாம் எழுதுவதெல்லாம் பேனா முனையைப் பார்த்துக்கொண்டுதான். இங்கே முனையைப் பார்த்தால் வெறும் கறுப்புத் தகடு தெரியும். திரையைப் பார்த்தால் கை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. முதல் வாரத்தில் ஒரு முகம் வரைந்தேன். மூக்கு கன்னத்தில் இறங்கியது. இதற்கு மருந்து பழக்கம் ஒன்றுதான். திரையில் புள்ளிக் கோலம் போல் புள்ளிகளை இறைத்துவிட்டு, ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு நிறுத்தாமல் கோடு இழுத்துப் பழகினேன். நாள்தோறும் இரவில் இருபது நிமிடம். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், கையைப் பற்றிய நினைப்பே இல்லாமல் வரைந்துகொண்டிருப்பதைத் திடீரென உணர்ந்தேன். நாகசுரக்காரர் தம் விரலைப் பார்த்துக்கொண்டா வாசிக்கிறார்? சைக்கிள் பழகுவது போன்றதுதான் இதுவும். வந்த பிறகு எப்படி வந்ததென்று சொல்ல முடியாது.

சரி, மையில்லாப் பேனா இருக்கும் இடத்தைப் பலகை எப்படி அறிகிறது? பொறியியல் நண்பர்கள் பொறுத்தருள்க. கலைப் பிரிவினருக்காகச் சற்று விளக்குகிறேன். தகட்டுக்கு அடியில் மெல்லிய கம்பி வளையங்கள் பாவும் ஊடையும் போல நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடுகின்றன. பலகை இவற்றில் மாறுமின்சாரத்தைச் செலுத்துகிறது; பலகையின் மேற்பரப்பில் ஒரு மின்காந்தப் புலம் எழுகிறது. பேனாவின் வயிற்றிலோ ஒரு கம்பிச் சுருளும் ஒரு மின்தேக்கியும் உள்ளன. அவை இரண்டும் சேர்ந்து, குறித்த ஓர் அலைவெண்ணுக்குச் சுருதி கூட்டப்பட்டிருக்கின்றன. ஒரே சுருதியில் கூட்டிய இரண்டு தம்பூராக்களில் ஒன்றை மீட்டினால், தொடாமலே மற்றதன் தந்தியும் அதிரும் அல்லவா? அதுவே இங்கும் நடக்கிறது. பலகை பேனாவை அதிர வைத்துவிட்டு, உடனே தன் பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிறது. வாங்கிய ஆற்றலைக் கொண்டே பேனா மெல்லத் திருப்பி ஒலிக்கிறது. எந்த வளையத்தில் அந்த எதிரொலி மிகுதி, பக்கத்து வளையங்களில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பலகை இடத்தைக் கணக்கிடுகிறது. நல்ல பலகைகளில் இந்தக் கணக்கு அங்குலத்துக்கு 5,080 கோடுகள், அதாவது மில்லிமீட்டருக்கு 200 கோடுகள் என்ற நுட்பத்தில் நடக்கிறது. ஒரு விநாடிக்குள் இருநூறு முறை அளவில் இடத்தைக் கண்டு சொல்லிவிடுகிறது.

இதனால் விளையும் வசதிகள் பல. பேனாவுக்கு மின்கலம் வேண்டாம். பேனா தகட்டைத் தொடாமல் சற்று மேலே மிதந்தாலும் பலகைக்குத் தெரியும். நடுவில் ஒரு காகிதம் கிடந்தாலும் தெரியும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். இத்தகைய பலகைக்கு வெறும் விரல் தெரியாது. எனவே உள்ளங்கையைத் தாராளமாக ஊன்றி வரையலாம். கையுறை போட்டுக்கொண்டும் வரையலாம். சனவரி மாதத்தில் என் அறைக்கு வந்தவர்கள், ஒற்றைக் கைக்குக் கம்பளியுறை மாட்டிக்கொண்டு கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் என்னைக் கண்டு சிரித்ததன் மறுமொழி இதுதான்.

மனிதன் தன் கையசைவைக் கம்பியில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டது புதிதன்று. எலிஷா கிரே என்ற அமெரிக்கர் 1888-ஆம் ஆண்டில் டெலாட்டோகிராஃப் என்ற கருவிக்கு உரிமம் பெற்றார். இங்கே ஒருவர் எழுத, கம்பியின் மறுமுனையில் வேறொரு பேனா அதே கையெழுத்தை எழுதும். 1963-இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்த ஐவன் சதர்லண்டு, ஒளிப்பேனாவால் கணிப்பொறித் திரையிலேயே கோடு வரைந்து காட்டினார். அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் ராண்டு நிறுவனத்தார் பத்து அங்குலச் சதுரத்தில் ஒரு பலகை செய்தனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை அது தனித்தனியே அறியும். அதன் விலை 18,000 டாலர். ஜப்பானில் 1983-இல் தோன்றிய வாக்கம் நிறுவனம் கம்பியும் மின்கலமும் இல்லாத பேனாவை உலகெங்கும் பரப்பியது. பிறகு சீன நிறுவனங்கள் வந்து விலையைத் தரைக்கு இறக்கின. அதனால்தான் அன்று ஆராய்ச்சிக்கூடத்தில் பூட்டி வைத்திருந்த பொருள், இன்று விடுதியில் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

இடம் மட்டும் தெரிந்தால் கோடு வரும், ஓவியம் வராது. ஓவியத்துக்கு வேண்டியது அழுத்தம். தூரிகையை மெல்ல வைத்து, நடுவில் அழுத்தி, மெல்ல எடுத்தால் கோடு நெல்மணி போல இரு முனையும் கூர்ந்து நடுவில் பருக்கிறது. பேனா முனையை அழுத்தும்போது உள்ளே மின்தேக்கியின் அளவு சற்றே மாறிச் சுருதி இம்மியளவு நகர்கிறது. அந்த நகர்வைப் பலகை அழுத்தமாகப் படிக்கிறது. கடைக்காரர் "8,192 நிலைகள் ஐயா!" என்று பெட்டியைத் தட்டிக் காட்டுவார். மயங்க வேண்டாம். அதில் நாலில் ஒரு பங்கு இருந்தாலே உங்கள் கைக்கும் என் கைக்கும் போதும். நிலைகளின் எண்ணிக்கையைவிட, எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பருக்க வேண்டும் என்ற வளைகோட்டை நம் கைக்கு ஏற்றவாறு திருத்திக்கொள்வதே முக்கியம். பூப்போலத் தொடுபவரும் உண்டு, உழுவது போல அழுத்துபவரும் உண்டு. இருவருக்கும் ஒரே அமைப்பு ஒத்துவராது.

இவ்வளவையும் வாங்கிப் படமாக்குவது கணிப்பொறியில் உள்ள மென்பொருள். நான் கிரீட்டா என்பதைப் பயன்படுத்துகிறேன். சுவீடிய மொழியில் அப்பெயருக்கு வரையும் வண்ணக்கட்டி என்று பொருள். காசு கொடுக்க வேண்டியதில்லை; திருட்டுப் படி எடுக்கும் பாவமும் இல்லை. நம் போன்றோர் வேறொன்றைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நண்பரின் கேள்வியில் ஒரு துளி நியாயம் இருக்கிறது. விநாடிக்கு இருநூறு புள்ளி என்றாலும், வேகமாக இழுத்த கோட்டில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி விழும். அதை மென்பொருள்தான் வளைவாக நிரப்புகிறது. அதோடு, நடுங்கும் கையை நேராக்கிக் காட்டும் ஏற்பாடும் உண்டு. அதைக் கூட்டி வைத்தால் குடிகாரன் இழுத்த கோடும் வழுவழுவென்று வரும். நானும் தொடக்கத்தில் முழுவதும் கூட்டி வைத்துக்கொண்டு, ஆகா, எனக்குக் கை வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் என் கண்ணிமையும், மாட்டுக் கொம்பும், மரக்கிளையும் ஒரே கம்பியை வளைத்துச் செய்தவை போல் இருந்தன. இப்போது அதைத் தொட்டும் தொடாமலும் வைத்திருக்கிறேன். கையில் நடுக்கம் இருந்தால் படத்திலும் கொஞ்சம் இருக்கட்டும்.

அடுக்குகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றில் கோடு, ஒன்றில் வண்ணம், ஒன்றில் நிழல் என்று தீட்டுவது போன்றது. நிழல் பிடிக்காவிட்டால் அந்தத் தாளை மட்டும் எறிந்துவிடலாம். அரை மணியில் எவரும் கற்றுக்கொள்வார்.

அச்சுக்கு வரைபவர்கள் மட்டும் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஏ-4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, படம் 2,480 புள்ளி அகலமும் 3,508 புள்ளி உயரமும் இருக்க வேண்டும். நான் முதல் அட்டையை இதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் வரைந்து, கரும்பின் ஓரமெல்லாம் மாடிப்படி போல் வந்து, முழுதும் மீண்டும் வரைந்தேன். அளவைத் திருத்தினேன், நிறம் காலை வாரியது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகம் நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சையையும் நீலத்தையும் அந்த மைகளால் கொண்டுவர முடியாது. மாதிரித் தாளில் என் கரும்புத் தோகை குளத்துப் பாசி நிறத்தில் வந்தது. அச்சகத்தாரோடு சண்டைக்குப் போய், அவர்கள் பொறுமையாக விளக்க, தலை குனிந்து திரும்பினேன். நீங்கள் மலரில் கண்டது திருத்திய பச்சை.

இனி, இந்தக் கருவியின் பெரிய வரமும் பெரிய ஆபத்தும் ஒரே இடத்தில் இருப்பதைச் சொல்கிறேன். கோடு பிடிக்கவில்லையா? கன்ட்ரோல் விசையோடு இசட் விசையைத் தட்டுங்கள்; கோடு மறைந்துவிடும். தடம் இல்லை, அழுக்கு இல்லை. முன்சொன்ன கரும்புத் தோகையை மூன்று இரவில் எத்தனை முறை வரைந்தேன் என்று எண்ணவில்லை. நூறுக்கு மேல் இருக்கும். இரண்டாம் இரவில் ஒன்று உறைத்தது. நான் ஒரு கோட்டின் பிழையைப் பார்த்து அடுத்த கோட்டைத் திருத்தவே இல்லை. சோழி உருட்டுவது போல உருட்டிக்கொண்டே இருந்தேன். என்றாவது ஒரு தடவை நல்ல கோடு விழாதா என்று. கோடு அழிந்த மாத்திரத்தில் அதன் பிழையும் மறந்து போகிறது. கை ஒன்றும் கற்பதில்லை. மூன்றாம் இரவு பலகையை மூடிவிட்டு, பழைய செய்தித்தாளில் பேனாவால் ஐம்பது தோகை வரைந்தேன். அவை அழியவில்லை, வரிசையாகக் கிடந்து என்னைப் பார்த்தன. தோகை நுனியில் நான் கையை அவசரமாகத் தூக்குகிறேன் என்று அப்போதுதான் கண்டேன். பிறகு பலகையில் நாலாவது முயற்சியிலேயே வந்துவிட்டது.

பலகையை வைத்துக்கொண்டு வரைவதைக் கலையென்று ஒப்பாதவர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதிடுவதில்லை. ஓவியத்தில் புகழ் பெற்ற டேவிட் ஹாக்னி எழுபது வயதுக்கு மேல் ஐபேடில் வரையத் தொடங்கி, அப்படங்களை 2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் பெரிதாக அச்சிட்டு மாட்டினார். தமிழகத்தில் ஓவியர் டிராட்ஸ்கி மருது கணிப்பொறியையும் தம் தூரிகைகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டவர். கேட்பவர்க்கு இந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் ஒருவரிடம் மட்டும் அப்படி நகர முடியவில்லை.

என் தந்தையார் கோவில்பட்டியில் பெயர்ப்பலகை எழுதுபவர். நாட்காட்டித் தெய்வங்களை வரைந்து நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் குடியேற்றிய கொண்டைய ராஜு வாழ்ந்த ஊர் அது. தூரிகை பிடிப்பவனுக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது. அப்பா தகரத்திலும் சுவரிலும் லாரியின் நெற்றியிலும் எழுதினார். சுண்ணப்பொடி தோய்த்த நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோடுகளுக்கு நடுவே, இடக்கையில் ஒரு கோலை ஊன்றி அதன்மேல் வலக்கையைத் தாங்கி, எனாமல் வண்ணத்தில் 'ழ'கரத்தின் சுழியை ஒரே மூச்சில் இழுப்பார். மூச்சை விட்டால் கோடு நடுங்கும் என்பார். பலகையின் மூலையில் தம் பெயரைப் போட்டு 'ஆர்ட்ஸ்' என்று சிறிதாக எழுதுவார்.

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஃபிளெக்ஸ் வந்தது. அப்பா ஒரு வாரம் எழுதும் பலகையை அந்தப் பொறி அரை மணியில் துப்பியது. நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அவர் தூரிகைகளைக் கழுவிக் காகிதத்தில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு, வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனார். அந்தக் கூலியில்தான் நான் தில்லி வரை வந்து படிக்கிறேன். கணிப்பொறி என்ற சொல்லே எங்கள் வீட்டில் எப்படி ஒலிக்கும் என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் விடுமுறைக்குப் போனபோது வரைபலகையைத் துணிக்கு அடியில் மறைத்தே கொண்டுபோனேன்.

நாலாம் நாள் பார்த்துவிட்டார். "இதுலதான் ஃபிளெக்ஸ்காரன் வரையுறானா?" என்றார்.

"இல்லப்பா. அவன் எழுத்தைத் தட்டி எடுப்பான். இதுல கையாலதான் வரையணும்."

"அப்ப யாரு வரையுறா? நீயா, அதுவா?"

பேனாவை அவர் கையில் கொடுத்தேன். தகட்டில் இழுத்தார். தகட்டையே உற்றுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. திரையைக் காட்டினேன். "ஏலே, கை ஒரு பக்கம், கோடு ஒரு பக்கமா?" என்று பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். முப்பதாண்டுகள் தூரிகையின் நுனியையே பார்த்து எழுதிய கண்ணை நான் எப்படித் திருப்புவேன்?

அன்றிரவு பரணிலிருந்து அவருடைய பழைய எண்ணெய்க் காகிதங்களை இறக்கினேன். கடைகளுக்கு எழுதுமுன் எழுத்துகளை அவற்றில்தான் முதலில் கோட்டுருவாக இட்டுப் பார்ப்பார். காலையில் அவற்றுள் ஒன்றைப் பலகையின்மேல் விரித்து, நான்கு புறமும் ஒட்டினேன். காகிதம் குறுக்கே இருந்தாலும் பலகைக்குப் பேனா தெரியும் என்று முன்னே சொன்னேனல்லவா? திரையை அவருக்கு மறைவாகத் திருப்பி வைத்துவிட்டு, "இதுக்கு மேலேயே எழுதுங்கப்பா" என்றேன். இப்போது அவர் கண்ணுக்கு முன்னால் அவருடைய எழுத்தே இருந்தது. இடக்கையை முட்டாகக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, 'ழ'கரத்தை இழுத்தார்.

திரையைத் திருப்பினேன். அந்தக் கோடு அப்படியே வந்திருந்தது: மேலிருந்து இறங்கும்போது மெலிந்து, வளைவில் பருத்து, சுழியில் மீண்டும் ஒடுங்கி. நான் அதே எழுத்தை முந்தின வாரம் வரைந்து வைத்திருந்தேன். மூன்று இடத்தில் ஒட்டுப் போட்ட எழுத்து. பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் என்னுடையதைப் பார்க்கவே இல்லை. தம்முடையதையே பெரிதாக்கச் சொல்லி, விரலால் தொட்டு, "இந்தா, இங்க கை நடுங்கிருக்கு. முன்னெல்லாம் நடுங்காது" என்றார். பிறகு, "அதையும் பிடிச்சிருக்கே!" என்றார்.

அடுத்து கன்ட்ரோல்–இசட் காட்டினேன். அது கையைக் கெடுக்கும் என்று நான் நடத்தவிருந்த சொற்பொழிவு தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக் குழந்தை போல் சிரித்தார். "இது மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா எத்தனை டின் டர்பன்டைன் மிச்சமாயிருக்கும்!"

இந்தக் கோடை விடுமுறையில் பலகையை அவரிடமே விட்டுவந்தேன். தம்பியின் பழைய கணிப்பொறியோடு அது சேர்ந்திருக்கிறது. நான் இப்போது வைத்திருப்பது, இங்கே ஆய்வு மாணவர் ஒருவர் பாதி விலைக்குத் தந்தது. தெருமுனையிலுள்ள ஃபிளெக்ஸ் கடைக்காரர் இப்போது சில கடைப்பெயர்களை அப்பாவிடம் கையெழுத்தாக எழுதி வாங்கிக்கொள்கிறார். மாதத்துக்கு இரண்டோ மூன்றோ பெயர், பெருவாழ்வொன்றும் இல்லை. வெள்ளையடிக்கவும் போகிறார். ஃபிளெக்சின் மூலையில் 'ஆர்ட்ஸ்' போடலாமா என்று கடைக்காரரைக் கேட்டிருக்கிறாராம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்த மலரின் முகப்பில் நம் சங்கத்தின் பெயர் அப்பா எழுதியது. உணவுக்கூட நண்பர் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பலகையைத் தொட்டுப் பார்க்க விரும்புவோர் ஞாயிறு மாலைகளில் சங்க அறைக்கு வரலாம். முதல் நாளே வட்டம் வட்டமாக வரும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். பேனா முனையை மட்டும் மெல்ல அழுத்துங்கள். அது தேயும் பொருள். சாய்வாகத் தேய்ந்த முனை தகட்டைக் கீறும். அப்பாவின் அழுத்தத்துக்கு ஏற்ப வளைகோட்டைத் திருத்தி வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார்: "முனை தேஞ்சு மொட்டையாப் போச்சுலே. ஒரு பத்து வாங்கி அனுப்பு. காசு நான் தாரேன்."